டெஸ்க்டாப் திடீரென்று ஆஃப் ஆகிறதா? எப்போது ஆஃப் ஆகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

தானாக ஆஃப் ஆகும் கம்ப்யூட்டருக்கு முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) மாற்றுவது, சரியாகாவிட்டால் ராம், அப்புறம் மதர்போர்டு என்று போவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. 'ஆஃப் ஆகிறது' என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எந்த நேரத்தில் ஆஃப் ஆகிறது, எப்படி ஆஃப் ஆகிறது, மறுபடி ஆன் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் சந்தேகம் ஒன்றிரண்டு பாகங்களுக்குள் சுருங்கிவிடும். ஒரு தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு முறையும் மணி, அப்போது ஓடிக்கொண்டிருந்த வேலை, மீண்டும் ஆன் ஆன விதம் ஆகியவற்றைக் குறியுங்கள். நான்கைந்து வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

அதற்கும் முன்னால், முக்கியமான ஃபைல்களை வெளி டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் சிஸ்டம் கெடக்கூடும். கீழே சொல்லும் சோதனைகளில் சில வேண்டுமென்றே கம்ப்யூட்டரை ஆஃப் ஆக வைப்பவை.

உண்மையிலேயே ஆஃப் ஆகிறதா?

திரை கறுத்ததும் ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஃபேன் ஓடுகிறது, கீபோர்டில் நம்லாக் பட்டனைத் தட்டினால் விளக்கு மாறுகிறது என்றால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. போனது படம் மட்டும். மானிட்டர் கேபிள், மானிட்டரின் பவர், கிராபிக்ஸ் டிரைவர் இவற்றைப் பாருங்கள். விண்டோஸில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பி வந்தால் பிரச்சினை டிரைவரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருக்கிறது. திரை கறுத்து, கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் அலறினால் அந்தக் கார்டையும் அதற்குப் போகும் பவர் ஒயரையும் சந்தேகியுங்கள்.

பவர் பட்டனின் விளக்கு மெதுவாகக் கண் சிமிட்டினால் அது ஸ்லீப். பவர் அமைப்பில் ஸ்லீப் நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றிப் பாருங்கள். இதோடு தீர்ந்துபோகும் வழக்குகள் நிறைய உண்டு.

விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு

நடந்தவற்றை விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது கெர்னல் பவர் 41. அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. 41 என்பது அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதும் குறிப்பு. 'போன தடவை முறையாக ஆஃப் செய்யப்படவில்லை' என்பதைத் தாண்டி அது காரணம் எதையும் சொல்வதில்லை.

பயனுள்ள தகவல் அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே பக்செக் கோடு என்ற வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால், நடந்தது நீலத் திரைப் பிழை; விண்டோஸ் விழுந்து தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால், பவர் பட்டன் தொடர்ந்து அழுத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் அழுத்தவில்லையென்றால் பட்டன் சிக்கியிருக்கிறது என்று பொருள். இரண்டும் 0 என்றால் மின்சாரம் சட்டென அறுந்தது, அல்லது கம்ப்யூட்டர் முழுமையாக உறைந்தது.

1074 என்ற எண் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ஆஃப் செய்யச் சொல்லியிருக்கிறது. எது என்ற பெயரும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். பெரும்பாலும் அப்டேட்டாக இருக்கும். விண்டோஸ் எண்டர்பிரைஸின் காலாவதியான மதிப்பீட்டுப் பதிப்பும் மணிக்கு ஒரு முறை தானே ஆஃப் ஆகும். கெர்னல் பவர் 42 என்றால் ஸ்லீப்புக்குப் போனது. 86 என்றால் வெப்பம் எல்லை மீறியதால் விண்டோஸே ஆஃப் செய்தது. வீயா லாக்கர் (WHEA-Logger) என்ற பெயரில் 18 வந்திருந்தால் ஹார்டுவேர் பிழை. ப்ராசஸர், அதன் வோல்டேஜ், ராம் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை வழியாக முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். வரிகள் பாதியில் அறுந்து நின்றால் மின்சாரம் போயிருக்கிறது. சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் இருந்தால் அது முறைப்படி நடந்தது.

ஆன் ஆகி, சில வினாடிகளில் ஆஃப்

வினாடிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 வினாடியில் போகிறது என்றால் முதல் சந்தேகம் பவர் பட்டன் மேல். பட்டனை 4 வினாடி அழுத்திப் பிடித்தால் ஆஃப் ஆவதுதான் வடிவமைப்பு. உள்ளே சிக்கிய பட்டனும் அதையேதான் செய்கிறது. கேபினெட்டைத் திறந்து, முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய இரட்டை ஒயர்களில் பவர் சுவிட்ச் என்று எழுதியதைக் கழற்றுங்கள். அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். அப்படி ஆன் ஆகி நிலைத்து நின்றால் குற்றவாளி பட்டன்தான். ரீசெட் சுவிட்ச் ஒயரை அந்தப் பின்களில் மாட்டி, ரீசெட் பட்டனையே பவர் பட்டனாகப் பயன்படுத்தலாம், செலவே இல்லை.

ஒரு வினாடிகூட நிற்காமல் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னையும் மற்றவற்றையும் காப்பாற்றிக்கொள்கிறது. எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் பிடுங்குங்கள். முன்பக்க யூஎஸ்பி பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வளைந்து பக்கத்தில் உள்ள உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில ஏசஸ் போர்டுகள் யூஎஸ்பியில் அதிக மின்னோட்டம் கண்டால் 15 வினாடியில் ஆஃப் ஆகப்போவதாகத் திரையில் எழுதிவிட்டே ஆஃப் ஆகும். அடுத்து ப்ராசஸருக்கான 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, மதர்போர்டுக்கு அடியில் ஸ்குரூ ஏதும் விழுந்து கிடக்கிறதா, போர்டில் துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகக் கால்) நிற்கிறதா என்று பாருங்கள்.

பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன்பு வரும், மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) வரை வந்து, அங்கேயே ஒன்றிரண்டு நிமிடத்தில் போகிறது என்றால் விண்டோஸுக்கு இதில் பங்கில்லை. நேரே அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி ஆஃப். ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது

இது வெப்பத்தின் கையெழுத்து. முதல் தடவை 20 நிமிடம், உடனே ஆன் செய்தால் 5 நிமிடம், அதற்கடுத்து 2 நிமிடம் என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் பழையபடி 20 நிமிடம் ஓடும்.

ப்ராசஸர் சூடானதும் உடனே ஆஃப் ஆகாது. எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். அதையும் மீறி வெப்பம் ஏறினால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். ஆகவே ஆஃப் ஆவதற்கு முன் கம்ப்யூட்டர் திணறியதா என்று யோசித்துப் பாருங்கள். திணறல் சிறிதும் இல்லாமல் சட்டென்று போனால் ப்ராசஸர் வெப்பம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

எச்டபிள்யூ இன்ஃபோ புரோகிராமில் சென்சார் பகுதியைத் திறந்து லாக் பதிவைத் தொடங்கி விடுங்கள். ஆஃப் ஆன பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பார்த்தால் அந்தக் கணத்தின் வெப்பம் தெரியும். பல இன்டெல் ப்ராசஸர்களின் எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. முழு வேலையில் அந்த 95-ஐத் தொட்டுக்கொண்டே ஓடும்படிதான் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கவலைப்பட வேண்டியது, வேலை எதுவும் கொடுக்காமல் பயாஸிலேயே 80-ஐத் தாண்டுவதும், வேலை கொடுத்த சில வினாடிகளில் 40-லிருந்து 95-க்கு எகிறுவதும். இப்படி எகிறினால் கூலர் ப்ராசஸரைச் சரியாகத் தொடவில்லை, அல்லது தண்ணீர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது. பம்ப் ஓடும்போது, ப்ராசஸர் மேல் உட்காரும் அதன் தலைப்பாகத்தில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு இருக்கும். பயாஸில் பம்பின் சுழற்சி எண் 0 என்று காட்டினால் கூலரையே மாற்ற வேண்டும்.

தூசி தட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். காற்று அடிக்கையில் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுழலவிட்டால் பேரிங் கெடும். ஹீட்சிங்க் பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். காற்றை அடைப்பது அதுதான்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதென்றால், முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பழைய பேஸ்ட் இளகிய பின் ஆஃப் செய்யுங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசனில் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். பின்கள் வளைந்தால் பெரிய வேலையாகிவிடும். இடவலமாக மெதுவாகத் திருகித் திருகிப் பிடிப்பு விட்டதும் தூக்குங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும். ஸ்குரூக்களை மூலைக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அழுத்திப் பொருத்தும் இன்டெல் கூலர் என்றால், நான்கு கால்களும் போர்டின் பின்பக்கம் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு கால் தளர்ந்திருந்தாலும் கூலர் சாய்ந்து உட்காரும். புதுக் கூலர் பொருத்தியபின் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால், அடியில் உள்ள பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் உரிக்கப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேம் அல்லது ரெண்டரிங் தொடங்கியதும் பட்டென்று ஆஃப்

வெப்பம் ஏறவில்லை, திணறல் இல்லை, நீலத் திரை இல்லை, சுவிட்சைத் தட்டியது போல இருள். இங்கேதான் எஸ்எம்பிஎஸ் மேல் நியாயமாகச் சந்தேகம் வர வேண்டும். இன்னொரு தடயமும் உண்டு: ஆஃப் ஆனபின் பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இருக்காது, எஸ்எம்பிஎஸ்ஸின் பின் சுவிட்சை ஆஃப் செய்து சிறிது நேரம் கழித்துப் போட்டால் உயிர் வரும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு, மின்சாரம் முழுதாக நின்றால்தான் விடுபடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

உறுதி செய்ய மூன்று ஓட்டம் போதும். ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சோதனைப் புரோகிராம் கொண்டு ப்ராசஸரை மட்டும் 15 நிமிடம் முழு வேலை வாங்குங்கள். பிறகு ஃபர்மார்க் கொண்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் 15 நிமிடம். கடைசியாக இரண்டையும் சேர்த்து. தனித்தனியே தாங்கி, சேர்த்தால் விழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திராணி போதவில்லை என்று கொள்ளலாம். ப்ராசஸர் ஓட்டத்திலேயே, வெப்பம் இயல்பாக இருந்தும் விழுந்தால் மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியும் பட்டியலில் சேரும்.

வாட் கணக்கைப் போடும்போது சராசரியை நம்பாதீர்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 எடுப்பது 320 வாட் என்று குறிப்பேடு சொல்லும். ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 750 வாட். காரணம், மில்லிவினாடிக்கும் குறைவான கணங்களில் இத்தகைய கார்டுகள் சொன்ன அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். சராசரிக்குப் போதுமான எஸ்எம்பிஎஸ்கூட அந்தக் கண நேர இழுப்பில் பாதுகாப்புக்குப் போய்விடும். 2022-இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, தன் வாட் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோவினாடி வரை தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

புதிது வாங்குவதற்கு முன் ஒயரை ஒழுங்குபடுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான ஒரே கேபிளில் இரண்டு 8 பின் தலைகள் தொங்கும். இரண்டையும் ஒரே கார்டில் மாட்டினால் முழுச் சுமையும் அந்த ஒரு கேபிள் வழியாகப் போகும். 8 பின் ஒன்றுக்கு 150 வாட், 6 பின் ஒன்றுக்கு 75 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட் என்பது கணக்கு. இரண்டு தனிக் கேபிள்களாக மாட்டினால் சில கம்ப்யூட்டர்களில் தொல்லை அத்துடன் நின்றுவிடும். புதிய 12+4 பின் கனெக்டரை இடைவெளி தெரியாதபடி முழுதும் உள்ளே தள்ளுங்கள்; பாதியில் நின்ற கனெக்டர் உருகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு மாடலின் கேபிளை இன்னொரு மாடலில் மாட்டாதீர்கள். பொருந்துவது போலவே இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவுகள் கருகும்.

மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் முழு வேலையில் ஓடும்போது உபரியாகத் தொங்கும் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் அளந்து பாருங்கள். கறுப்பு ஒயர் எர்த், மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் கேபிளில் நிறம் உதவாது. நடுவில் உள்ள இரண்டும் எர்த், ஓரங்களில் ஒன்று 12, மற்றது 5. ஏற்ற இறக்கம் 5 சதவீதம் வரை சரி: 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. வேலை ஏற ஏற 12 வோல்ட் 11.5-ஐ நோக்கிச் சரிந்தால் எஸ்எம்பிஎஸ் களைத்துவிட்டது. அளவு சரியாக இருந்தாலும் அது முழு நற்சான்று ஆகாது. கண நேரச் சரிவை சாதாரண மீட்டர் பிடிக்காது. புரோகிராம் காட்டும் வோல்டேஜ் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பல போர்டுகளில் அந்த எண் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையும், எஸ்எம்பிஎஸ் அடியோடு செத்துவிட்டதா என்பதை மட்டுமே சொல்லும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உறையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

சும்மா இருக்கும்போது மட்டும் ஆஃப் அல்லது ரீஸ்டார்ட்

கேம் மணிக்கணக்கில் ஓடும். டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டு எழுந்து போனால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ஈவென்ட் வியூவரில் 42 இல்லை, ஆகவே ஸ்லீப் இல்லை என்று உறுதி செய்தபின், பயாஸுக்குப் போங்கள். ப்ராசஸர் ஓய்வில் மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்கும்போது சில எஸ்எம்பிஎஸ்கள் தடுமாறும். ரைசன் போர்டுகளில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை டிபிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றினால் அந்த ஆழத்துக்கு இறங்காது. ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டியிருந்தாலும், ரைசனின் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் வோல்டேஜ் குறைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். சுமைச் சோதனையில் தேறிய அமைப்பு ஓய்வில் விழும். பயாஸை அதன் இயல்பு அமைப்புக்குத் திருப்பி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரம் மினுக்கும்போது, யூபிஎஸ் இருந்தும் ஆஃப்

யூபிஎஸ்ஸில் வேறெதுவும் இல்லாமல் ஒரு டேபிள் விளக்கை மட்டும் மாட்டி, யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். விளக்கு அணைந்தால் பேட்டரி போய்விட்டது. விளக்கு எரிந்து, கம்ப்யூட்டரை மாட்டினால் மட்டும் விழுகிறது என்றால் சுமை அதிகம்: 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தரும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டியிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

சுமையும் பேட்டரியும் சரியென்றால் மாறும் நேரத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிவினாடிகள் எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் ஓட்டிவிட வேண்டும்; நல்ல நிலையில் உள்ளது சுமார் 17 மில்லிவினாடி தாங்கும். கெப்பாசிட்டர் வயதானால் இந்தத் தாங்கும் நேரம் தேயும். ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில, படிக்கட்டு வடிவ அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போவதில்லை. அவற்றுக்குத் தூய சைன் அலை யூபிஎஸ் வேண்டும்.

நீலத் திரை, பிறகு ரீஸ்டார்ட்

பக்செக் எண் கிடைத்திருந்தால், முதலில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை திரை நின்று, பிழையின் பெயரைப் படிக்கக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பாருங்கள். பெயர் மாறி மாறி வந்தால் ராம். பயாஸில் ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆஃப் செய்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை யூஎஸ்பியிலிருந்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ராம் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால் மதர்போர்டு நிறுவனத்தின் புதிய பயாஸை ஏற்றுங்கள். ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் அதைச் சேதப்படுத்தும் கோளாறுக்கு இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. திருத்தம் மேற்கொண்டு சேதமாவதைத் தடுக்கும். ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்திருப்பதால், பயாஸ் ஏற்றிய பிறகும் விழுந்தால் வாரண்டியில் கேளுங்கள்.

ஒழுங்கே தெரியவில்லை என்றால்

முதலில் தளர்வான இணைப்புகள். பவர் கார்டை எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் சுவர்ப் பக்கத்திலும் லேசாக அசையுங்கள். அசைத்ததும் ஆஃப் ஆனால் கார்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேரே சுவரில் மாட்டிப் பாருங்கள். 24 பின் கனெக்டரைப் பிடுங்கி, பின்களில் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சூடேறிய தளர்ந்த பின்னின் அடையாளம் அது. மதர்போர்டில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியோ கசிந்தோ இருந்தால் போர்டின் காலம் முடிந்தது.

பிறகு கழித்துக்கொண்டே வாருங்கள். போர்டு, ப்ராசஸர், ஒரு ராம், போர்டிலுள்ள கிராபிக்ஸ், எஸ்எம்பிஎஸ். இதற்கு மேல் எதுவும் மாட்டாமல், வழக்கமாக ஆஃப் ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு ஓட விடுங்கள். ஆஃப் ஆகாமல் ஓடினால், ஒவ்வொரு பாகமாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அப்போதும் ஆஃப் ஆனால் கடன் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை அதன் சொந்தக் கேபிள்களோடு மாட்டிப் பாருங்கள். அதிலும் விழுந்தால் மீதி இருப்பது மதர்போர்டு, அரிதாக ப்ராசஸர். வட்ட வடிவ சிமாஸ் பேட்டரியை மாற்றச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும். அது தீர்ந்தால் கடிகாரமும் பயாஸ் அமைப்பும் மறக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகாது.

காரணம் கிடைத்துச் சரிசெய்தபின், சி டிரைவில் எரர் செக்கிங் ஓட்டிவிடுங்கள்; திடீர் ஆஃப்களில் உடைந்த ஃபைல் பதிவுகள் அங்கே தெரியவரும். முன்பு விழவைத்த அதே வேலையை ஒரு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு ஈவென்ட் வியூவரில் புதிதாக 41 வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் கேபினெட்டின் பக்கக் கதவை மூடி ஸ்குரூ போடலாம்.